டிராக்டர் டிரெய்லர்: பாரம் ஏற்றினால் பிரேக் பிடிக்காதது ஏன்?

அறுவடைக் காலம் வந்துவிட்டால் டிராக்டருக்கு வயலைவிடச் சாலையில்தான் வேலை அதிகம். கரும்பு ஆலைக்கும், நெல் கொள்முதல் நிலையத்துக்கும், சந்தைக்கும் பாரம் ஏற்றிய டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இந்த நாட்களில் டிராக்டர் வைத்திருப்போரும் ஓட்டுநர்களும் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சும்மா ஓட்டினால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பாரம் ஏற்றினால் நிற்க மாட்டேன் என்கிறது" என்பதே அது.

உடனே பட்டறைக்குப் போய் பிரேக் லைனிங்கை மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறது, குறை மட்டும் அப்படியே இருக்கிறது. பல சமயங்களில் குறை லைனிங்கில் இருப்பதில்லை என்பதே காரணம். மிதியின் அளவு தவறியிருக்கலாம், எண்ணெய் கசிந்திருக்கலாம், டிரெய்லரின் பிரேக் வேலை செய்யாமலே இருக்கலாம், அல்லது டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லாமலும் இருக்கலாம். குறை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு ஸ்பேனரைக் கையில் எடுப்பதே சிக்கனம். உயிருக்கும் அதுவே பாதுகாப்பு.

பாரத்தின் கணக்கு

டிராக்டரின் பிரேக், டிராக்டரை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தில் டிராக்டர்கள் சோதிக்கப்படுகின்றன. அங்கே பிரேக்கை ஆறிய நிலையிலும், ஓடிச் சூடேறிய நிலையிலும் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை டிராக்டருக்கு உரியது. அதன் பின்னால் நாம் கட்டி இழுக்கும் பாரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். டிராக்டரின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் 5 மீட்டரில் நிற்கிறது. இப்போது அதன் பின்னால், தன் எடையும் பாரமும் சேர்ந்து 6 டன் உள்ள டிரெய்லரைக் கட்டுகிறோம். மொத்த எடை 8 டன் ஆகிவிட்டது. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால், 2 டன்னை நிறுத்திய அதே பிரேக் இப்போது 8 டன்னை நிறுத்த வேண்டும். எடை 4 மடங்கு ஆனதால் நிற்கும் தூரமும் ஏறத்தாழ 4 மடங்காகி 20 மீட்டர் ஆகிவிடும்.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மேலே சொன்ன அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிற்பதற்கு 45 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் மிதிக்குப் போவதற்குள் கழியும் ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது தனிக் கணக்கு. இது சமதளச் சாலைக்கு. இறக்கமாக இருந்தால் தூரம் மேலும் நீளும்.

ஆகவே, பாரம் ஏற்றும் டிரெய்லர் தன் பாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும் பிரேக் உடையதாக இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு குறையைத் தேடலாம்.

மூன்று ஓட்டத்தில் குறை தெரியும்

ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, காய்ந்த மண் தரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டு வைக்க வேண்டும். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் பூட்டைப் போட்டுக்கொண்டு, ஒரே கியரில், ஒரே மெதுவான வேகத்தில் வந்து, குச்சிக்கு நேராக வந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும். வண்டி நின்ற இடம் வரை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மட்கார்டிலோ டிரெய்லரிலோ யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

முதல் ஓட்டம் டிரெய்லர் இல்லாமல் டிராக்டர் மட்டும். இரண்டாவது ஓட்டம் காலி டிரெய்லருடன். மூன்றாவது ஓட்டம் வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதியுடன்.

முதல் ஓட்டத்திலேயே சரியாக நிற்கவில்லை என்றால் குறை டிராக்டரில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை டிரெய்லரைத் தொடவே கூடாது. முதல் ஓட்டம் சரியாக இருந்து, இரண்டாவது ஓட்டத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினால், டிரெய்லரின் பிரேக் வேலை செய்யவில்லை என்று பொருள். இரண்டும் சரியாக இருந்து மூன்றாவதில் தூரம் மிக நீண்டால், டிரெய்லரின் பிரேக் பலம் போதவில்லை, அல்லது பாரம் ஏற்றும் முறை தவறு.

டிராக்டரின் பிரேக்கில் பார்க்க வேண்டியவை

முதலில் மிதியின் வெற்றசைவு. மிதியைக் கையால் அழுத்தினால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சிறிது தூரம் தடையில்லாமல் இறங்கும். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். பல டிராக்டர்களில் ஏறத்தாழ 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை இருக்கும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் உள்ளதே சரியான அளவு. ஒரு ஸ்கேலை மிதியின் ஓரத்தில் வைத்து இதை அளந்துவிடலாம். இதற்குக் காசு செலவில்லை.

வெற்றசைவு அதிகமாக இருந்தால், பிரேக் முழுவதும் பிடிக்கும் முன்பே மிதி தரையைத் தொட்டுவிடும். "அதிகமாகப் பிடிக்கட்டும்" என்று வெற்றசைவே இல்லாமல் முறுக்கி வைப்பதும் தவறு. அப்படி வைத்தால் லைனிங் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

இரண்டாவது, இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்பது. மேலே சொன்ன முதல் ஓட்டத்தில் மண்ணில் பதிந்த பின்சக்கரத் தடங்களைப் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்த்த தடம் இருந்தால், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சமம் தவறியிருக்கிறது. இரண்டு இணைப்புத் தண்டுகளையும் ஒரே அளவுக்குச் சரிசெய்து மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க் கசிவு. டிரம் பிரேக்கும் உலர் டிஸ்க் பிரேக்கும் உள்ள டிராக்டர்களில், பின் அச்சின் ஆயில் சீல் கெட்டால் எண்ணெய் லைனிங்கில் இறங்கும். பிரேக் கூட்டின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். பிடிக்கும்போது கருகிய வாடை வரும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடியும் போடுவது சிலரின் வழக்கம். அது இரண்டு நாளைக்குக்கூடத் தாங்காது. சூடேறியதும் ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். முதலில் சீலை மாற்றிவிட்டு, பிறகு இரண்டு பக்க லைனிங்கையும் ஒன்றாக மாற்றுவதே முறை. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய லைனிங் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

சேற்றுழவுக்குப் பின்

நெல் விவசாயிகள் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. சேற்றுழவு செய்த டிராக்டரில் தண்ணீரும் சேறும் பிரேக் கூட்டுக்குள் போய்விடும். நனைந்த லைனிங் பிடிக்காது. வயலை விட்டு ஏறியதும் நேராகச் சாலைக்கு வேகமாகப் போகாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டே மிதியை இலேசாகப் பலமுறை மிதித்துக் காய வைக்க வேண்டும். பிரேக் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் டிரெய்லரைக் கட்ட வேண்டும்.

பருவம் முடிந்து பல நாள் நிறுத்தி வைத்த டிராக்டரில், உள்ளே போன ஈரம் துருவாக மாறியிருக்கும். உலர் டிஸ்க் பிரேக்கில் தட்டுகளை விரித்து அழுத்துவதற்கு எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. அவை துருவால் ஒட்டிக்கொண்டால் மிதி கடினமாக இருக்கும், பிடிப்பு இருக்காது, சில சமயம் பிடித்தது விடாமலும் இருக்கும். லைனிங் நல்ல கனத்தோடு இருக்கும்போதே பிரேக் பலவீனமாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பிரித்துச் சுத்தம் செய்தால் போதும். புதிய சாமான் வாங்க வேண்டியதில்லை.

எண்ணெயில் மூழ்கிய பிரேக்

இப்போது வரும் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றன. சேறும் தண்ணீரும் இவற்றை எளிதில் பாதிப்பதில்லை, தேய்மானமும் குறைவு. ஆனால் இவற்றின் உயிர் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. அளவு குறைந்தாலும், காலம் கடந்த எண்ணெயாக இருந்தாலும், வேறு ரக எண்ணெயைக் கலந்தாலும் பிரேக் கத்தும், அதிரும், பிடிப்பும் குறையும். அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. முழுவதும் மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன ரகத்தைத் தவிர, கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு எண்ணெய் ஊற்றக் கூடாது.

சக்கரம் நின்றும் வண்டி வழுக்கினால்

பிரேக்கை மிதித்தவுடன் பின்சக்கரம் சுற்றுவது நின்றுவிடுகிறது. ஆனாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. இதையும் பிரேக் குறை என்றே பலர் சொல்கிறார்கள். உண்மையில் இங்கே பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது. சக்கரத்தை நிறுத்துவது பிரேக். வண்டியை நிறுத்துவது டயர். டயரின் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். காற்று அளவு தவறியிருக்கலாம். அல்லது பின்சக்கரத்தின் மேல் போதுமான எடை இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதற்குப் பாரம் ஏற்றும் முறையும் ஒரு காரணம். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் அதிகமாக ஏற்றினால், முன்பக்கம் தூக்கிக்கொண்டு டிராக்டரின் கொக்கியையும் மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் இலேசாகிவிடும்; பிரேக் போட்டால் வழுக்கும். மாறாக, முன்பக்கம் அளவுக்கு மீறி ஏற்றினால் டிராக்டரின் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. பாரம் அச்சுக்கு நேராக, சிறிது முன்பக்கம் தள்ளி இருக்கும்படி பரப்பி ஏற்றுவதே நல்லது.

டிரெய்லரின் பிரேக்கில் பார்க்க வேண்டியவை

தண்டும் நெம்புகோலும் கொண்ட பிரேக்காக இருந்தால், முதலில் தண்டுகளையும் பின்களையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பின்னும் சிறிது தேய்ந்திருந்தாலும், எல்லாம் சேர்ந்து நெம்புகோலின் இழுப்பு முழுவதையும் விழுங்கிவிடும். பிறகு சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கி, உறுதியான கட்டையின் மேல் அச்சை உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஷூ டிரம்மைத் தொட்டுச் சக்கரம் சுற்றத் தடைப்படும் வரை திருகை முறுக்கி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும் வரை மட்டும் தளர்த்த வேண்டும். மறுபக்கமும் இப்படியே செய்ய வேண்டும்.

டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளுதலைக்கொண்டே தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் உண்டு. இதில் முன்தண்டு குழாய்க்குள் வழுக்கி உள்ளே போக வேண்டும். துருவோ மண்ணோ அடைத்து அது அசையாமல் போனால் பிரேக் இல்லாததற்குச் சமம். சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிராக்டரிலிருந்து எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்காக இருந்தால், குறையைச் சக்கரத்தில் தேடும் முன் குழாய் இணைப்பைப் பார்க்க வேண்டும். இணைப்பு முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதா, வாயில் மண் அடைத்திருக்கிறதா, குழாய் எங்கேனும் உப்பியோ கசிந்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியைச் சாய்க்கும் இணைப்பில் பிரேக் குழாயை மாற்றிச் செருகிவிடுவதும் நடக்கிறது. மிதி பஞ்சு போல அமுங்கினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால், சக்கரத்தின் அருகே எவ்வளவு அழுத்தம் வந்து சேர்கிறது என்று பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சரியான அழுத்தம் இருந்து, சக்கரத்தில் இல்லையென்றால் வழியில் குறை. சக்கரம் வரை அழுத்தம் வந்தும் பிடிக்கவில்லையென்றால்தான் ஷூ, லைனிங், டிரம் ஆகியவற்றில் குறை.

எந்த வகை டிரெய்லரானாலும், ஹப்பில் அளவுக்கு மீறிக் கிரீஸ் அடைப்பது ஒரு பெரும் குறை. "நிறைய இருந்தால் நல்லது" என்று திணித்த கிரீஸ், சூடேறியதும் சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கிவிடும். நல்ல பிரேக் இதனால் ஒரே பருவத்தில் வீணாகும்.

சூட்டைக்கொண்டு அறிதல்

பிரேக் போட்டு ஓட்டிய சில கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியை நிறுத்தி, டிரெய்லரின் ஒவ்வொரு டிரம்மின் மேலும் சில துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். எல்லாம் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்றில் மட்டும் தண்ணீர் சுரீரென்று ஆவியானால் அங்கே பிரேக் பிடித்தபடி ஓடுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பது ஆபத்து.

அறிகுறியும் காரணமும்

மிதி தரை வரை போகிறது: வெற்றசைவு அதிகம், அல்லது லைனிங் தேய்ந்துவிட்டது.

மிதி கல் போல இருக்கிறது, பிடிப்பு இல்லை: லைனிங் வழவழப்பாகிவிட்டது, எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது உள்ளே துரு.

மிதி பஞ்சு போல இருக்கிறது: எண்ணெய்க் குழாயில் காற்று.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: இரு பக்கமும் சமமில்லை, அல்லது ஒரு பக்கம் எண்ணெய்க் கசிவு.

முதலில் பிடித்து, இறக்கத்தில் பிடிப்பு குறைகிறது: பிரேக் சூடேறிவிட்டது, கியரைப் பயன்படுத்தவில்லை.

டிரெய்லர் பின்னாலிருந்து இடிக்கிறது: டிரெய்லரின் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது, அல்லது பிடிக்கவே இல்லை, கொக்கியின் பின்னும் தேய்ந்திருக்கலாம்.

சாலையில் செய்ய வேண்டியவை

வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இரண்டு பிரேக் மிதிகளையும், சாலையில் ஏறும் முன் பூட்டி இணைத்துவிட வேண்டும். இதை மறந்து அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் மட்டும் நிற்கும். டிராக்டர் சட்டென்று திரும்பும். பின்னால் வரும் பாரம் அதைக் கவிழ்த்துவிடும்.

இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். பாதி வழியில் கிளட்ச்சை மிதித்து மாற்ற முயன்றால், வண்டி கையை மீறிப் போய்விடும். நிறுத்தும்போதும் முதலில் பிரேக், வண்டி நிற்கப் போகும் நேரத்தில் கிளட்ச் என்பதே சரியான வரிசை.

சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கோடு டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வைக்க வேண்டும். இரண்டு நல்ல முட்டுக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பாரத்தின் மேல் ஆட்களை ஏற்றக் கூடாது. வண்டி நிற்காமல் போனால் முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்கள்தான்.

வாடகைக்கு எடுப்பவர்களும் கேட்கலாம்

சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயிகள் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். வண்டி யாருடையதாக இருந்தாலும் ஏற்றுவது அவர்களுடைய விளைச்சல். உடன் போவது அவர்களுடைய ஆட்கள். "டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா? காலி வண்டியை ஒருமுறை ஓட்டி நிறுத்திக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. பிரேக் இல்லாத டிரெய்லர்தான் கிடைக்கிறது என்றால், பாரத்தைப் பாதியாக்கி இரண்டு நடையாக, மெதுவாக அனுப்புவதே வழி. இன்னொரு நடைக்கு ஆகும் டீசல் செலவு, விபத்தில் போவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

புதிதாக டிரெய்லர் செய்யச் சொல்வோர், பெட்டியின் நீளத்தையும் தகட்டின் கனத்தையும் மட்டும் பேசி முடிக்காமல், எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வைப்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். எந்த டிராக்டருக்கு எவ்வளவு பாரம் பொருந்தும், எந்த வகைப் பிரேக் ஏற்றது என்பதை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

அறுவடை தொடங்கும் முன் அரை நாளை ஒதுக்கி, ஒரு குச்சியும் நாடாவும் ஸ்கேலும் கொண்டு மேலே சொன்ன மூன்று ஓட்டங்களையும் செய்து, தூரங்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. அடுத்த மாதம் அதே இடத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போது தூரம் கூடியிருந்தால், குறை வளர்கிறது என்று பொருள். அப்போதே கவனித்துச் சரிசெய்துவிட்டால், பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது கால் வீணாக மிதியைத் தேட நேராது.